பின்னால காலியா இருக்கு!

கேப்டன் வீட்டில் மூன்று வாரமாக யார் யாரோடு பேசுவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். இன்றைக்குத்தான் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிறவர்களுக்காக நாலு வரி சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் அதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம்.

கேப்டன் என்பது அந்த வீட்டு மருமகளின் பட்டப்பெயர். பெரிய லாஞ்சில் டிக்கெட் கிழித்துக்கொண்டே படகு ஓட்டக் கற்று, லைசென்ஸும் வாங்கியவள். லாஞ்சுக்காரர்களோ கடைசிவரை அவள் கையில் டிக்கெட் கட்டைத்தான் கொடுத்தார்கள். சரி, நாமே ஒரு படகு வாங்கினால் என்ன என்று வீட்டில் எல்லோரும் சேர்ந்து முடிவு செய்தார்கள். ஓட்டுகிறவளைத் தவிர ஆறு பேர் உட்காரலாம். பின்னால் தொங்குகிற மோட்டார். அக்கரைக்குப் போகிற வழியில் ஒரு மணல் திட்டு இருக்கிறது. நீர் வற்றிவிட்டால் பெரிய லாஞ்ச் அதைத் தாண்டாது. ஜனங்கள் படகுத்துறை ஜெட்டியில் கொட்டாவி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்த நேரத்தில் நம் சின்னப் படகு புகுந்து புறப்பட்டுப் போகும். திட்டம் பிரமாதம்.

சண்டை எங்கே வந்தது என்றால், படகின் வாலில் வந்தது.

மாமனார் ரிட்டையரான பஸ் டிரைவர். அவர் ஆசை ஆசையாக ஒரு புரொப்பல்லர், அதாவது மோட்டார் அடியில் சுழன்று தண்ணீரைத் தள்ளுகிற விசிறி, வாங்கி வந்தார். கொழுந்தன் கப்பல் பட்டறையில் வெல்டர். அவன் ஆசை ஆசையாக ஒரு ஜாக் பிளேட் செய்து கொண்டுவந்தான். மோட்டாரை நேராகப் படகின் பின்பலகையில் மாட்டாமல், நடுவில் இந்த அலுமினியச் சட்டத்தை வைத்து மாட்டினால், மோட்டாரைத் துளைக்குத் துளை ஏற்றி இறக்கலாம். தண்ணீர் குறைவான இடத்தில் புரொப்பல்லர் தரையில் இடிக்காது. நல்ல வேலைதான். ஆனால் டிரைவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பட்டறை ஆட்கள் முன்னாலேயே, "என்னடா இது, பழைய இரும்புக் கடை கேட்டுக் கதவு மாதிரி இருக்கு?" என்று கேட்டுவிட்டார்.

அவர் தமாஷாகத்தான் சொன்னார். வெல்டர் அன்றைக்கு அப்பாவோடு பேச்சை நிறுத்தியவன், இன்றுவரை ஒரு வார்த்தை பேசவில்லை.

இன்று மாலை படகைச் சோதித்து அனுமதி கொடுக்கத் துறைமுக ஆபீசர் வருகிறார். நீர் நன்றாக வற்றியிருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் வருகிறார். ஆறு பேரோடு படகு திட்டைத் தட்டாமல் தாண்டிவிட்டால், நாளை முதல் கேப்டன் நிஜமாகவே கேப்டன். தட்டினால் அடுத்த வருஷம்தான் மறுபடி மனுப் போட முடியும். படகு கொட்டகைக்குப் போகும். அவள் டிக்கெட் கிழிக்கப் போவாள்.

டீ குடிக்கப் போனவர்கள் வந்துவிட்டீர்களா? சரி, காலையிலிருந்து ஆரம்பிப்போம்.

காலையில் ஒத்திகை ஓட்டம். டிரைவர், வெல்டர், டிரைவரின் மனைவியான அத்தை, பக்கத்து வீட்டுத் தையல்காரர், அவர் மனைவி என்று ஐந்து பேர் ஏறியாயிற்று. ஆறாவது ஆள் ஆபீசர். அவருடைய கனத்துக்கு என்ன செய்வது என்று யோசித்தபோது, தையல்காரர் தன்னுடைய பழைய தையல் மெஷினை ஸ்டாண்டோடு தூக்கிவந்து நடு சீட்டில் வைத்தார்.

"ஆபீசர் இவ்ளோ கனமா இருப்பாரா?" என்று அத்தை கேட்டாள்.

"பதவிக்கும் சேர்த்து வெச்சிருக்கேன்" என்றார் தையல்காரர்.

கேப்டன் ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்தாள். அவள் தலைக்கு மேலே ஒரு கண்ணாடி. டிரைவர் தன்னுடைய கடைசி பஸ்ஸிலிருந்து ஞாபகமாகக் கழற்றி வைத்திருந்த அகலமான உள் கண்ணாடி. படகுக்கு எதற்கு அது என்று ஊரே சிரித்தது. "கடைசி சீட்டு தெரியாம வண்டி ஓட்டவே கூடாது" என்று சொல்லி அவரே தன் கையால் திருகி மாட்டினார்.

படகு புறப்பட்டது. கேப்டன் வேக விசையை முழுக்கத் தள்ளினாள். மோட்டார் முக்கியது, முனகியது. படகு தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போனதே தவிர, எழும்பித் தண்ணீர்மேல் ஓடவில்லை.

"ஏங்க, இது நகருதா, இல்ல கரைதான் பின்னால போகுதா?" என்றாள் அத்தை.

"உன் புள்ளைகிட்ட கேளு. கேட்டை மாட்டினா வண்டி எப்படி எழும்பும்?"

"அம்மா, புரொப்பல்லர் வாங்கினவர்கிட்ட கேளுங்க."

நடுவில் உட்கார்ந்திருந்த அத்தை வலதுபக்கம் ஒரு தடவை, இடதுபக்கம் ஒரு தடவை திரும்பினாள். மூன்று வாரமாக இப்படித் திரும்பித் திரும்பியே அவளுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டிருந்தது.

கரைக்கு வந்ததும் கேப்டன் மாமனாரை மட்டும் தனியாக ஓரங்கட்டினாள்.

"மாமா, நீங்க மலைப்பாதையில பஸ் ஓட்டியிருக்கீங்கல்ல?"

"என்னம்மா இப்படிக் கேட்டுட்டே! அந்தக் கொண்டை ஊசி வளைவெல்லாம் எனக்கு நம்ம வீட்டு முற்றம் மாதிரி."

"ஃபுல் லோடு. ஏத்தத்துல நிக்குது வண்டி. டாப் கியர்ல எடுப்பீங்களா?"

"எவனாவது எடுப்பானா? உதறிட்டு நின்னுடும்."

கேப்டன் மோட்டாரைப் பார்த்தாள். டிரைவரும் பார்த்தார்.

"இந்தப் புரொப்பல்லர் டாப் கியர் மாமா. ஒரு சுத்துக்கு ரொம்ப தூரம் தள்ளப் பார்க்குது. ஒத்தை ஆள் போனா பறக்கும். நமக்கு ஆறு பேர் ஏறணும். மோட்டாரால அதைச் சுத்தவே முடியல."

டிரைவர் மோவாயைத் தடவிக்கொண்டார். கியர் என்று சொன்ன பிறகு அவரால் மறுக்க முடியாது. ஒரு சுற்றுக்குத் தள்ளுகிற அந்தத் தூரத்தையே பிட்ச், கிட்ச் என்று வெல்டர் சொன்னபோது காதில் ஏறாதது இப்போது நேராக உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

"சரி, மாத்திடு. ஆனா நான் இறங்கி வந்துட்டேன்னு அவன்கிட்ட சொல்லிடாதே."

"யார்கிட்ட மாமா?"

"யார்கிட்டயும்தான். பொதுவா சொன்னேன்."

படகு சாமான் கடையில் கவுண்டருக்குப் பின்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கை முழுக்க கிரீஸ். நகத்தில் மட்டும் நெயில் பாலிஷ். கேப்டன் பழைய புரொப்பல்லரை எடுத்து மேசைமேல் வைப்பதற்குள், அவள் அலமாரிக்கு அடியிலிருந்து துணி சுற்றிய ஒன்றை எடுத்து முன்னால் வைத்தாள்.

"இதைப் போடுங்கக்கா. நாலு இதழ், பிட்ச் கம்மி. ஆள் ஏறினாலும் சட்டுனு எழும்பும். வாலைத் தூக்கிப் பிடிக்கும். உங்க பிளேட்டு மோட்டாரை ஒரு சாண் பின்னால தள்ளி வைக்குதில்ல, அதுக்கு இதான் சரி."

கேப்டன் துணியை விலக்கிப் பார்த்தாள். பளபளவென்று இருந்தது. அப்புறம் நிமிர்ந்தாள்.

"எங்க பிளேட்டு ஒரு சாண்னு உனக்கு யாரு சொன்னா?"

அந்தப் பெண்ணுக்கு உடனே ஒரு டப்பாவில் நட்டுகளை எண்ணுகிற அவசர வேலை வந்துவிட்டது. "பொதுவா எல்லாமே அப்படித்தானேக்கா இருக்கும்" என்றாள், தலை நிமிராமல்.

இன்றைக்கு எல்லோருக்கும் எல்லாம் பொதுவாகத்தான் இருக்கிறது என்று கேப்டன் நினைத்துக்கொண்டாள்.

"எங்க அப்பாதான் சாயங்காலம் உங்க படகைப் பார்க்க வர்றாரு. கறாரான ஆளு, பார்த்துக்குங்க. நான் சின்ன வயசுல சைக்கிள் கத்துக்கிட்டப்ப, தினமும் பிரேக்கைச் செக் பண்ணிட்டுத்தான் ஏற விடுவாரு. மூட்டை வெச்சுக் காட்டினா ஒத்துக்க மாட்டாரு. மூட்டை அசையாது, மனுஷன் அசைவான்பாரு."

"தையல் மெஷின்?"

"என்னக்கா?"

"ஒண்ணுமில்லம்மா."

வெல்டர் புதிய புரொப்பல்லரை மாட்டினான். நட்டை முடுக்கினான், பின்னைச் செருகினான், கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பார்த்தான். அதில் ஒட்டியிருந்த கடைச் சீட்டைக் கிழித்துப் போடாமல் ஏன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான் என்று கேப்டன் கேட்கவில்லை. அவளுக்கு அதைவிடப் பெரிய கவலை இருந்தது.

இரண்டாவது ஒத்திகை. அதே ஐந்து பேர், அதே தையல் மெஷின்.

விசையைத் தள்ளினாள். அவ்வளவுதான், படகு ஒரு குலுக்கல் குலுக்கிக்கொண்டு எழும்பியது. தையல்காரர் மனைவி "ஐயோ அம்மா!" என்று கத்திவிட்டுச் சிரித்தாள். அத்தை கை தட்டினாள். கேப்டனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இப்படியே அக்கரைக்குப் போய்விடலாம்போல இருந்தது.

முதல் திருப்பத்தில் எல்லாம் கெட்டது. ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் மோட்டார் திடீரென்று வீலென்று அலறியது. புரொப்பல்லர் தண்ணீருக்குப் பதிலாகக் காற்றைப் பிடித்துக்கொண்டு சும்மா சுற்றியது. படகு தொப்பென்று உட்கார்ந்தது.

"பார்த்தியா! உன் புள்ளை மோட்டாரை வானத்துல தூக்கி மாட்டியிருக்கான்!" என்றார் டிரைவர் அத்தையிடம்.

கரைக்கு வந்து மோட்டாரை ஒரு துளை இறக்கி மாட்டினார்கள். இப்போது திருப்பத்தில் அலறவில்லை. நேராகத் திட்டுக்கு விட்டாள் கேப்டன். நீர் அதற்குள் வடிய ஆரம்பித்திருந்தது. திட்டின் முதுகில் ஏறியபோது அடியில் கரகரவென்று ஒரு சத்தம் கேட்டது. பின்னால் தண்ணீர் காவி நிறத்தில் கலங்கியது.

மேலே மாட்டினால் காற்றைப் பிடிக்கிறது. கீழே மாட்டினால் மணலைப் பிடிக்கிறது. நடுவில் துளை இல்லை.

கரையில் வெல்டர் புரொப்பல்லரைத் தூக்கிப் பார்த்தான். புது இதழ்களின் ஓரத்தில் கீறல். அவன் அதை விரலால் தடவிக்கொண்டே நின்றான். அவன் செய்த பிளேட்தான் அண்ணியின் காரியத்தைக் கெடுக்கிறது என்று அவனுக்கே தோன்ற ஆரம்பித்திருந்தது. டிரைவர் அந்த முகத்தைப் பார்த்தார். ஜெயித்துவிட்டோம் என்று அவருக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். துளிகூட இல்லை.

"அவனைச் சாப்பிடச் சொல்லு" என்றார் அத்தையிடம்.

"நீங்களே சொன்னா என்ன?"

"நான் சொன்னா சாப்பிட மாட்டான்."

சரக்குக் கப்பலில் சமையல் வேலை பார்க்கிற கேப்டனின் கணவன் அந்த நேரம் பார்த்துப் போன் செய்தான். அவனுடைய முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"ரெண்டு பேரும் பேசிட்டாங்களா?"

"இல்ல."

"படகு?"

"அதுவும் சொன்ன பேச்சுக் கேக்கல."

"நீ அழறியா?"

"இல்ல, வெயில்."

எல்லோரும் சாப்பிடப் போன பிறகு கேப்டன் தனியாகப் படகில் வந்து உட்கார்ந்தாள். மாலைக்குள் என்ன செய்வது என்று ஒன்றும் ஓடவில்லை. கை சும்மா இருக்கமாட்டாமல் கண்ணாடியை எட்டித் துடைத்தாள். கண்ணாடியில் மோட்டார் தெரிந்தது. மூடி, அதன்மேல் ஒட்டிய நம்பர், கீழே பிளேட்டின் போல்ட் வரைக்கும் முழுசாகத் தெரிந்தது.

துடைக்கிற கை நின்றது.

காலையிலும் இப்படித்தான் தெரிந்தது. மத்தியானமும் இப்படித்தான் தெரிந்தது. படகு நிறைய ஆள் இருக்கும்போது மோட்டார் எப்படி முழுசாகத் தெரியும்? அதற்கு முன்னால் இருக்கிற பின்பெஞ்சில் இரண்டு தலை மறைக்க வேண்டாமா?

மறைக்கவில்லை. ஏனென்றால் இரண்டு ஒத்திகையிலும் அங்கே யாருமே உட்காரவில்லை.

டிரைவர் முன்பக்கம் இடது ஓரம். அவர் இடதில் உட்கார்ந்தார் என்பதற்காக வெல்டர் வலது ஓரம். இரண்டு பேருக்கும் நடுவில் பேச்சைக் கடத்த அத்தை. சண்டை எங்கே நடக்கிறதோ அங்கேதானே வேடிக்கை பார்க்கிற கூட்டமும் இருக்கும், அதனால் அவர்களை ஒட்டித் தையல்காரரும் அவர் மனைவியும். பின்பெஞ்சில் உட்கார்ந்தால் மோட்டார் சத்தத்தில் ஒரு வார்த்தை கேட்காது. பேசாமல் உட்கார இந்தக் குடும்பத்தில் யாரால் முடியும்? பேசாமல் இருக்கிற இரண்டு பேரும்கூட அத்தை வழியாக ஓயாமல் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள்.

மொத்தக் கனமும் மூக்கில் இருந்தால் வால் தூக்கிக்கொள்ளத்தான் செய்யும். வால் தூக்கினால் புரொப்பல்லர் காற்றைத்தான் பிடிக்கும். பின்பெஞ்சில் இரண்டு பேர் உட்கார்ந்தால், மோட்டார் மேல் துளையில் இருந்தாலும் தண்ணீரைப் பிடிக்கும், மணலையும் தொடாது. புரொப்பல்லர்மீதும் தப்பில்லை, பிளேட்மீதும் தப்பில்லை. இவர்கள்மீதுதான் தப்பு.

கேப்டன் விழுந்து விழுந்து சிரித்தாள். தனியாக உட்கார்ந்து சிரிக்கிறவளை ஜெட்டியில் இருந்தவர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

"தம்பி!" என்று வீட்டைப் பார்த்துக் கத்தினாள். "ஸ்பேனரை எடுத்துட்டு ஓடி வாங்க! மோட்டாரை மறுபடி மேல ஏத்துங்க!"

போல்டை முடுக்கி முடிக்கும்போதே ஆபீசர் வந்துவிட்டார். சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார். இன்னொரு ஒத்திகைக்கு இடமே இல்லை. அவர் முதலில் பிளேட்டின் போல்ட்டுகளை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தார். அப்புறம் குனிந்து வெல்டிங்கை உற்றுப் பார்த்தார். வெல்டர் துடைத்த ஸ்பேனரையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தான்.

"யாரு செஞ்சது?"

"என் கொழுந்தன் சார்."

"ம்" என்றார். அந்த 'ம்' பாராட்டா இல்லையா என்று யாருக்கும் விளங்கவில்லை. "ஏறலாமா?"

குடும்பம் வழக்கம்போல முன்பக்கம் பாய்ந்தது. லாஞ்சில் அத்தனை நாள் டிக்கெட் கிழித்தவள் சும்மா இருப்பாளா? கேப்டன் சீட்மேல் ஏறி நின்று, இரண்டு கரையும் கேட்கிற மாதிரி ஒரு குரல் கொடுத்தாள்.

"உள்ள போங்க, உள்ள போங்க! பின்னால காலியா இருக்கு!"

டிரைவர் விக்கித்துப்போய் நின்றார். எத்தனையோ வருஷம் தன் முதுகுக்குப் பின்னால் கண்டக்டர் கத்திக் கேட்ட குரல். இப்போது அது தன்னையே பார்த்து வருகிறது.

"அத்தை, நீங்களும் தையல்கார அக்காவும் முன்னால. சாரும் தையல்கார அண்ணனும் நடுவுல. மாமா, பின்பெஞ்சு. தம்பி, பின்பெஞ்சு."

"நான் நிக்கிறேன் அண்ணி" என்றான் வெல்டர்.

"எனக்கு முன்னால உட்கார்ந்தாத்தான் காத்து வரும்" என்றார் டிரைவர்.

ஆபீசர் கடிகாரத்தைப் பார்த்தார். கேப்டன் இரண்டு பேர் அருகிலும் போய்க் குரலைத் தாழ்த்தினாள்.

"பின்னால உட்கார்ந்தா பேச வேண்டிய அவசியமே இல்ல. பேசினாலும் கேக்காது. உங்க ரெண்டு பேருக்கும் இதைவிட நல்ல இடம் இந்த உலகத்துலயே கிடையாது. எனக்காக உட்காருங்க."

இரண்டு பேரும் பின்னால் போய் உட்கார்ந்தார்கள். நடுவில் இன்னொரு ஆள் உட்காருகிற அளவுக்கு இடைவெளி விட்டுத்தான். இருந்தாலும் உட்கார்ந்தார்கள்.

கேப்டன் கண்ணாடியைப் பார்த்தாள். மோட்டார் மறைந்துவிட்டது. இரண்டு தலை தெரிந்தது, ஒன்று நரைத்தது, ஒன்று கறுத்தது. விசையைத் தள்ளினாள்.

படகு எழும்பிய வேகத்தில் டிரைவர் சறுக்கிக்கொண்டு போய் மகன்மேல் இடித்தார். விழாமல் இருக்க அவன் தோளைப் பிடித்தார். படகு நிதானத்துக்கு வந்த பிறகும் அந்தக் கை தோளிலேயே இருந்தது. அவனும் தட்டிவிடவில்லை.

"திருப்பு" என்று கையால் காட்டினார் ஆபீசர்.

கேப்டன் பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்டீயரிங்கை ஒடித்தாள். மோட்டார் அலறவில்லை. புரொப்பல்லர் தண்ணீரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு படகை ஒரே வளைவில் சுழற்றி நேராக்கியது. ஆபீசர் எட்டிப் பார்த்தார். மோட்டாரின் பக்கவாட்டிலிருந்து குளிர வைக்கிற தண்ணீர் சரியாகப் பீச்சிக்கொண்டிருந்தது. மோட்டார் உயரத்தில் இருந்தாலும் தாகமில்லாமல் இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். அவர் மறுபடியும் 'ம்' என்றார். இந்த முறை அது கொஞ்சம் இளகியிருந்தது.

"திட்டு" என்றார்.

திட்டின்மேல் வெள்ளைப் பறவைகள் கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தன. பறவைக்கே கணுக்கால்தான் நனைகிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். முன்னால் அத்தை கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். கேப்டன் வேகத்தைக் குறைக்கவில்லை. குறைத்தால் படகு உட்கார்ந்துவிடும், உட்கார்ந்தால் தட்டிவிடும் என்று அவளுக்குத் தெரியும். பறவைகள் ஒன்றாக எழும்பிப் பறந்தன. அடியில் மணல் மஞ்சளாகத் தெரிந்தது, சிப்பிகள்கூடத் தெரிந்தன. கரகரவென்று அந்தச் சத்தம் எப்போது வரும் என்று அவள் உடம்பெல்லாம் காதாக உட்கார்ந்திருந்தாள்.

வரவில்லை. மஞ்சள் போய்ப் பச்சை வந்தது. பச்சை போய் நீலம் வந்தது.

தாண்டிவிட்டாள்!

தையல்காரர் எழுந்து நின்று குதிக்கப் பார்த்தார். "உட்காருங்க!" என்று ஆபீசர் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். அவர் முகத்திலும் சிரிப்பு இருந்தது. அத்தை கண்ணைத் திறந்து, "முடிஞ்சுதா? முடிஞ்சுதா?" என்று கேட்டாள். கேப்டனுக்குக் கண் கலங்கி முன்னால் ஒன்றும் தெரியவில்லை. சந்தோஷத்தில் வாய்விட்டுக் கத்தினாள், மோட்டார் சத்தத்தில் அவளுக்கே அது கேட்கவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தாள். டிரைவர் திரும்பி, கையை நீட்டி, ஜாக் பிளேட்டை இரண்டு தட்டுத் தட்டினார். நல்ல வண்டி கிடைத்த நாளில் பஸ்ஸின் பக்கவாட்டைத் தட்டுவாரே, அதே தட்டு. அதற்கு வார்த்தை வேண்டியதில்லை. வெல்டருக்கு அது புரிந்தது. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு தண்ணீரைப் பார்த்தான், சட்டைக் கையால் மூக்கைத் துடைத்தான்.

அப்புறம் அவன் அப்பாவின் காதுப்பக்கம் குனிந்து ஏதோ சொன்னான். அவர் காதைக் காட்டி, கேட்கவில்லை என்று கையை ஆட்டினார். அவன் இன்னும் பலமாகச் சொன்னான். அவர் மறுபடியும் கையை ஆட்டினார். மூன்று வார பாக்கி இருக்கிறது, பேசட்டும் என்று கேப்டன் பார்வையை முன்னால் திருப்பிக்கொண்டாள். படகு ஜெட்டியை நெருங்கியது. அவன் இரண்டு கையையும் வாயில் குவித்து, மூச்சை இழுத்து, இந்தத் தடவை அவருக்குக் கேட்டே ஆகவேண்டும் என்று அடித்தொண்டையிலிருந்து கத்தினான்.

சரியாக அந்த நொடியில்தான் கேப்டன் மோட்டாரை நிறுத்தினாள்.

"அந்தப் புரொப்பல்லர் கடைப் பொண்ணைத்தான்பா கட்டிக்கப்போறேன்! அவங்க அப்பாவை நெனச்சாத்தான் வயித்தைக் கலக்குது!"

ஜெட்டியில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தையல்காரர் இறங்கிவிடலாமா என்று பார்த்தார். ஜெட்டி இன்னும் கொஞ்ச தூரத்தில் இருந்தது.

ஆபீசர் திரும்பவில்லை. பையிலிருந்து பேனாவை எடுத்தார். மூடியைத் திறந்தார். அங்கேயே நிறுத்திவிட்டார்.

திட்டைத் தாண்டி வந்த படகு இப்படி ஒரு வார்த்தையில் தட்டிவிடுமா?

"எங்க வீட்டுல ஒரு மாசமா ஜாக் பிளேட்டைத் தவிர வேற பேச்சே கிடையாது" என்றார் ஆபீசர், யாரையும் பார்க்காமல். "சாப்பிடறப்ப ஜாக் பிளேட். டி.வி. பார்க்கறப்ப ஜாக் பிளேட். பொண்ணு தொழில்ல இவ்ளோ அக்கறையா இருக்காளேன்னு நான் பெருமைப்பட்டுக்கிட்டு இருந்தேன்."

கையெழுத்துப் போட்டார். தாளைக் கிழித்துக் கேப்டனிடம் கொடுத்தார்.

"படகு பாஸ். நாளைக்கே ஓட்டலாம்மா. நல்லா ஓட்டறீங்க."

பிறகுதான் பின்பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார். வெல்டர் எழுந்து நிற்பதா உட்கார்ந்திருப்பதா என்று தெரியாமல் பாதியில் நின்றான்.

"வெல்டிங் சுத்தமா இருக்கு. ஆனா பையனுக்கு வேற பரீட்சை. அதுக்கு ஆபீசர் நான் இல்ல, என் வீட்டுக்காரம்மா. ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வர்றேன். உங்க படகுலயே ஒரு சுத்துப் போயிட்டுப் பேசிக்கலாம்." ஜெட்டியில் காலை வைத்தவர் நின்றார். "ஒரு விஷயம். அவங்களுக்குத் தண்ணின்னா பயம். கல்யாணமாகி இத்தனை வருஷத்துல என்கூட ஒரு படகுலயும் ஏறினதில்ல."

சொல்லிவிட்டுப் போயே போய்விட்டார்.

அத்தை மருமகளைக் கட்டிக்கொண்டாள். தையல்காரர் மனைவியும் வந்து சேர்ந்துகொண்டாள். மூன்று பேரும் அழுதார்கள், சிரித்தார்கள், தாள் நனைந்துவிடப் போகிறதே என்று கேப்டன் அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தம்மாவை ஏத்தறது இருக்கட்டும், எங்கேடி உட்கார வைப்போம்?" என்றாள் அத்தை, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "பயந்தவங்களுக்குப் பின்பெஞ்சுதான் நல்லதுன்னு சொல்வாங்க. அங்கதான் அதிகமா குதிக்காதாம்."

கேப்டன் கண்ணாடியைப் பார்த்தாள்.

"மூணு வாரமா இதைச் சொல்லாமலாடா இருந்தே?"

"நீங்கதான் பேசலையேப்பா!"

"நீதான்டா பேசல!"

"நீங்க கேட்டுன்னு சொன்னீங்க!"

"தமாஷுக்குச் சொன்னேன்டா! பொண்ணு சமைப்பாளா?"

"மோட்டாரைக் கழட்டி மாட்டுவா!"

"அது போதும்டா!"

மோட்டார் நின்று எவ்வளவோ நேரமாகிவிட்டது. அந்த இரண்டு பேருக்கும் அது இன்னும் தெரியவில்லை. காதோடு காது வைத்து, ஊருக்கே கேட்கிற மாதிரி கத்திக்கொண்டிருந்தார்கள். நடுவில் இருந்த இடைவெளி எங்கே போனது என்று தெரியவில்லை.

"பின்னால இடம் இல்ல அத்தை" என்றாள் கேப்டன். "ஃபுல்லு."